மூன்று பேரோடு இறங்குவது

குழுவில் ஆறு பேருக்குத்தான் இடம்.
பிணமும் ஓர் இடம் பிடிக்கும்.
விதிப்புத்தகம் இதை ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போகிறது.
எனக்குப் புரிய ஒரு குளிர்காலம் பிடித்தது.

டுலூத் துறைமுகம் உறைந்து கிடந்தது.
தாதுக் கப்பல்கள் மார்ச் வரை வராது.
எடைமேடையில் வாரத்துக்கு மூன்றே நாள் வேலை:
லாரி ஏறும், முள் ஆடும், நிற்கும், எழுதுவேன்.
மிச்ச நாளெல்லாம் நிலவறையில்,
பச்சை எழுத்து மினுங்கும் பெட்டி முன்னால்.
வெண்டல் விட்டுப்போன பெட்டி.

வெண்டல் என் தம்பி.
அப்பாவின் படகை விற்ற காசில்
எங்களுக்குள் பேச்சு நின்றது.
அவன் பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியரில்.
அவனுடைய ஆறு பேர் இந்தப் பக்கம்,
ஒரு பிளாப்பிக்குள், ஏழாவது தளத்தில், செத்து.

விளையாடும்போது அவன் இடது கை
எப்போதும் டிரைவின் தாழ்ப்பாளில் இருக்கும்.
யாராவது விழப்போகிறார் என்றால்
எந்திரம் சாவை எழுதும் முன் படக்கென்று திறப்பான்.
அரை நொடி.
அதற்குள் எழுதாதது நடக்காதது.
அன்றிரவு அந்தக் கை காப்பிக் கோப்பையில் இருந்தது.

பட்டியலைத் திறந்து பார்த்தேன்.
எங்கள் பள்ளி ஹாக்கி அணியின் கோலி.
பல் மருத்துவர் ஹாக்ஸ்ட்ராம், மந்திரவாதியாக.
பிஸ்கட், எங்கள் நாய்: பூசாரி, பக்தி பதினேழு.
யாரென்று தெரியாத இரண்டு பெண்கள்.
கடைசி வரியில் திருடி: ஆர்லிஸ்.
நான்தான். அதிர்ஷ்டம் ஒன்பது.

புதிதாய் மூன்று பேரை உருவாக்கினேன்.
பெயர் வைக்கத் தோன்றவில்லை: ஒன்று, இரண்டு, மூன்று.
கட்டக் காகிதத்தில் தளம் தளமாய் வரைந்தேன்.
ஐந்தாம் தளத்தில் ஒரு மூலை, தரையே ஆளைச் சுழற்றிவிடும்;
வடக்கு என்று நடந்தது மேற்காகும்.
அழித்து அழித்துக் காகிதம் ஓட்டையானது.
ஓட்டையையும் ஓர் அறை என்று குறித்துக்கொண்டேன்.

கவச எண் கீழே இறங்க இறங்க நல்லது.
மைனஸ் இரண்டைத் தொட்டபோது துள்ளினேன்.
ஜன்னலுக்கு வெளியே வெப்பமானி மைனஸ் இருபத்தாறு.
அது யாரையும் காக்கவில்லை.

ஆறு பேரோடு இறங்கினால் பலம்தான்,
வெறுங்கையோடு திரும்ப வேண்டும்.
மூன்று பேரோடு இறங்கினால் மூன்று பேரைத் தூக்கலாம்.
ஆனால் ஏழாவது தளத்தில் மூன்று பேர்
எத்தனை சுற்று தாங்குவார்கள்?
நாலு சுற்று. எண்ணியிருக்கிறேன்.
பெயர் தெரியாத உருவங்கள் இருட்டில் முந்திக்கொண்டால் மூன்று.

ஜனவரியில் ஒரு நடை. பிப்ரவரியில் ஒரு நடை.

ஆலயத்தில் காசை வாங்கிக்கொண்ட பிறகுதான்
பகடை உருட்டுகிறார்கள்.
கோலி எழுந்தான்.
ஹாக்ஸ்ட்ராம் எழுந்தார், ஒரு வயது கூடி.
பெண்கள் எழுந்தார்கள். பிஸ்கட் எழுந்தது.
ஆர்லிஸ் சாம்பல்.

சாம்பலுக்கு இரட்டிப்புக் கூலி. கொடுத்தேன்.
என் இடது கை தாழ்ப்பாளுக்குப் போனது.
போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
டிரைவ் கரகரத்து ஓய்ந்தது.
பட்டியலில் ஒரு வரி குறைந்திருந்தது.

தொலைபேசி ஏழு தடவை அடித்தது.
"கிழக்கு பதினொன்று, வடக்கு நாலு" என்றேன்.
ஹலோ சொல்லவில்லை.
கொஞ்ச நேரம் அவன் வீட்டு டிவி மட்டும் பேசியது.

"எத்தனை பேர்?"
"ஐந்து."
"பிஸ்கட்?"
"இருக்கிறது. மந்திரமெல்லாம் அப்படியே."
"அப்போ யார்?"

சொன்னேன்.

மூச்சா சிரிப்பா, தெரியவில்லை.
"அதிர்ஷ்டம் ஒன்பதோடு விட்டுட்டேன்" என்றான்.
"அன்னைக்கு அவசரம். திரும்ப உருட்டணும்,
நல்ல எண் வர்ற வரைக்கும் விடக்கூடாது.
இரு,
பாலத்துல உப்பு போட்டாங்களான்னு பார்க்கிறேன்."